இராவணன் வாளும் கிரக்கட்டோவாப் பீரங்கியும்

இலங்கையில் எரிமலை கிடையாது. இருந்திருந்தால் இதற்குள் அதற்கென ஓர் அமைச்சு, ஓர் இராஜாங்க அமைச்சர், மலையின் வாயருகே திறப்புவிழாப் பெயர்க்கல், 'இவ்விடத்தில் குப்பை கொட்டாதீர்' என்று மூன்று மொழிப் பலகை எல்லாம் வந்திருக்கும். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை சல்லடை போட்டுத் தேடினாலும் செங்கல் சூளையும் குப்பைமேடும்தான் புகையும். இதைத் திருகோணமலைப் பக்கத்து நிலாவெளியில் போய்ச் சொல்லிப் பாருங்கள். "அப்ப கன்னியாவில தண்ணி ஏன் ஐயா சுடுது?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல இரண்டு பேர் போட்டிக்கு நிற்கிறார்கள். ஒருவர் இராவணன், மற்றவர் புவியியல்காரர்.

இராவணன் தரப்பை முதலில் கேட்போம், அவர்தான் மூத்தவர். கோணேசரை வணங்க வந்த இடத்தில் ஒரு கிழப் பிராமணர் எதிர்ப்பட்டு, "உன் தாய் போய்விட்டாள்" என்கிறார். வந்தவர் திருமால் என்பது இராவணனைத் தவிரக் கதை கேட்கிற எல்லாருக்கும் தெரியும். தாய்க்குக் கடன் கழிக்கத் தண்ணீர் வேண்டும். நானோ நீங்களோ என்றால் வாளியும் கயிறும் தேடியிருப்போம். இலங்கேசுவரன் வாளை உருவி நிலத்தில் ஏழு இடம் குத்தினான். ஏழிலும் வெந்நீர் பீறிட்டது. அதே கையால்தான் கோணேசர் மலையையும் பிளந்தானாம். அதற்கு இராவணன் வெட்டு என்றே பெயர். திருகோணமலை மாவட்டத்தில் நிலத்தில் ஓர் ஓட்டையோ வெடிப்போ கண்டால் பொலிஸ் முதலில் வாக்குமூலம் எடுக்கவேண்டிய ஆள் இராவணன்தான்.

கன்னியாவில் கிணறு என்று பெயரே தவிர, ஏழும் சீமெந்துக் கட்டுப் போட்ட சின்னச் சதுரங்கள். ஒரே வளவுக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆனால் ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. வாளியை விட்டு முகந்து தலையில் ஊற்றவேண்டும். முதல் வாளிக்கு "ஆ!" என்கிறவர் மூன்றாவது வாளிக்குப் பிறகு நகரமாட்டார், பின்னால் நிற்கிறவர்தான் தொண்டையைச் செருமவேண்டும். அந்தியேட்டிக்கு வந்தவர்களும் சுற்றுலாவுக்கு வந்தவர்களும் ஒரே வரிசையில் நிற்பார்கள். சூடு 40 பாகை செல்சியஸை ஒட்டி இருக்கும். எண்ணெய் வைத்துத் தோயத் தோதான சூடு, அரிசி வேகாது. அந்த வளவு யாருக்குச் சொந்தம் என்று எழுந்த சர்ச்சையின் சூடு அதைவிடக் கூடவாக இருந்தது.

புவியியல்காரர் சொல்வதில் வாள் இல்லை. மழைத்தண்ணீர் பாறை வெடிப்பு வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது. கீழே போகப் போகக் கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 25 பாகை வீதம் பூமி சூடு. அங்கே காய்ந்த தண்ணீர் வேறொரு வெடிப்பு வழியாக மேலே வருகிறது. மகா ஓயாவிலும் மகாபெலஸ்ஸவிலும் சுடுகிற தண்ணீருக்கும் இதே கதைதான். எரிகுழம்புக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. இலங்கைப் பாறைகளில் பெரும்பகுதி 50 கோடி வருடத்துக்கு முன்பே வெந்து, நசிந்து, ஆறி, ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு படுத்துவிட்டவை.

ஆகவே நாங்கள் சுத்தமானவர்கள் என்று நெஞ்சை நிமிர்த்த ஆயத்தமானால், புவியியல்காரர் கையைப் பிடித்து உட்கார வைக்கிறார். பூமியின் மேலோடு பல தட்டுகளாக உடைந்து கிடக்கிறது. ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் நுழையும்போது, போகிற தட்டிலிருந்து கசிகிற நீர் மேலுள்ள சூடான பாறையை இளக வைக்கிறது. இளகியது மேலே ஏறி எரிமலையாகிறது. சுமாத்திராவுக்கும் ஜாவாவுக்கும் வெளியே கடலடியில் நடப்பது இதுதான். அங்கே அடியில் நுழைகிற தட்டு எது தெரியுமா? இந்து–அவுஸ்திரேலியத் தட்டு. நிலாவெளியும் கன்னியாவும் கோணேசர் மலையும் ஏறி உட்கார்ந்திருக்கிற அதே தட்டு. எங்கள் வீட்டுப் பிள்ளை அடுத்த ஊருக்குப் போய் அடிபிடிப்படுகிறான். நாங்கள் திண்ணையில் இருந்து "எங்கட பக்கம் ஒரு சத்தமும் இல்லை" என்கிறோம்.

அந்த அடிபிடியில் ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. எரிமலை கக்கிய சாம்பல் உக்கி மண்ணாகும்போது பயிருக்கு அமிர்தம். அதனால்தான் ஜாவாவில் எரிமலைச் சரிவு முழுக்க வயலும் சனமும் நெருங்கிக் கிடக்கின்றன. லாபம் அங்கே தங்கிவிடுகிறது. நட்டத்தில் ஒரு பங்கை வங்காள விரிகுடா வழியாக எங்களுக்கு அனுப்பிவைக்கிறார்கள்.

முதல் பொதி சுமார் 74,000 வருடத்துக்கு முன் வந்தது. சுமாத்திராவில் தோபா வெடித்தது. மலை இருந்த இடத்தில் இப்போது 100 கிலோமீற்றர் நீள ஏரி. சாம்பல் வங்காள விரிகுடாவின் அடியிலும் இந்தியா எங்கும் படிந்தது. மனித குலமே அன்றைக்குப் பூண்டோடு அழியப் பார்த்தது என்று ஒரு கட்சி ஆராய்ச்சியாளர் சொன்னார்கள். பிறகு ஆந்திராவில் ஜ்வாலாபுரம் என்ற இடத்தில் தோண்டினால், சாம்பல் படைக்குக் கீழேயும் கல்லாயுதம், மேலேயும் ஏறக்குறைய அதே மாதிரிக் கல்லாயுதம். வானம் இருண்டது, சாம்பல் கொட்டியது, அவர்கள் கூட்டித் தள்ளிவிட்டு விட்ட இடத்திலிருந்து கல்லைச் செதுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நிவாரணப் படிவம் இல்லாத காலத்தில் மனிதர் எவ்வளவு சுறுசுறுப்பு!

அடுத்த பெரிய பொதி 1815இல். அந்த வருடம் மார்ச் 2ஆம் திகதி பிரித்தானியர் கண்டி ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, முழு இலங்கையும் இனித் தங்களுக்கே என்று மகிழ்ந்திருந்தார்கள். ஒரு மாதம் சொச்சத்தில் சும்பாவாத் தீவின் தம்போரா வாய் திறந்தது. ஏப்ரல் 5இல் ஒரு செருமல், 10இல் முழு வெடிப்பு. 4,000 மீற்றருக்கு மேல் நின்ற மலை 2,850 மீற்றரளவில் மொட்டையாகியது. வெடிப்பிலும் பின்வந்த பஞ்சத்திலும் நோயிலும் 60,000 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள்.

ஆட்சியாளரின் முதல் வேலை என்ன? துவக்கைத் தேடியது. ஜாவா அப்போது பிரித்தானியரான ராபிள்ஸின் கையில் இருந்தது. யோக்யகார்த்தாவில், பக்கத்துக் காவல் நிலையை யாரோ தாக்குகிறார்கள் என்று படை புறப்பட்டது. மக்காசாரில், கடற்கொள்ளையர் வந்துவிட்டார்கள் என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் 'பெனாரிஸ்' கப்பலில் சிப்பாய்களை ஏற்றி அனுப்பினார்கள். கப்பல் கடலைச் சல்லடை போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியது. மலை ஒன்று தானாக வெடிக்கலாம் என்பது சாம்பல் தலையில் விழும்வரை துரைமாருக்குத் தோன்றவில்லை. துவக்கு வைத்திருப்பவன் காதில் இடிச் சத்தமும் துவக்குச் சத்தமாகத்தான் கேட்கும்.

தம்போராவின் கந்தகம் வானத்தின் உச்சியில் மெல்லிய திரையாகப் படர்ந்து வெயிலை மறித்தது. 1816இல் ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவின் கிழக்குக்கும் கோடையே வரவில்லை. ஜெனீவாவில் மழைக்கு வீட்டுக்குள் அடைபட்ட மேரி ஷெல்லி பொழுது போகாமல் 'பிராங்கன்ஸ்டைன்' கதையைத் தொடங்கினார். இந்தியாவில் பருவமழை குழம்பியது. 1817இல் வங்காளத்தின் ஜெசோரில் வாந்திபேதி கிளம்பி ஊர் ஊராகப் புறப்பட்டது. இதற்கும் தம்போராவே காரணம் என்று சில வரலாற்றாசிரியர்கள் வாதிக்கிறார்கள். மற்றவர்கள் இன்னும் தலையாட்டவில்லை. வாந்திபேதி மட்டும் வாதம் முடியக் காத்திருக்காமல் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது.

இங்கேதான் திருகோணமலை மேடையேறுகிறது. 1819 ஒக்ரோபரில் 'டோபாஸ்' என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் திருகோணமலையிலிருந்து மொரீசியசுக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம் போர்ட் லூயிசில் வாந்திபேதி. கப்பல்தான் கொண்டுவந்தது என்று தீவே கொதித்தது. உலகத்திலேயே சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று எங்கள் துறைமுகத்தை எல்லாரும் புகழ்வார்கள். எதையும் பத்திரமாக இறக்கலாம், ஏற்றலாம் என்பது அந்தப் புகழின் பொருள். அந்த முறை ஏற்றியது வாந்திபேதியை என்பது மொரீசியசின் புகார்.

இனி மூன்றாவது பொதி. 1883 ஓகஸ்ட் 27, திங்கட்கிழமை.

சுந்தா நீரிணையில் கிரக்கட்டோவா மே மாதத்திலிருந்தே புகைந்துகொண்டிருந்தது. பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இருந்த ஒல்லாந்த துரைமார் நீராவிக் கப்பல் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார்கள். எரிமலை அவர்களுக்கு உல்லாசப் பயணம். ஓகஸ்ட் 26 பிற்பகல் முழக்கம் தொடங்கியது. மறுநாள் காலை நாலு வெடி. மிகப் பெரிய வெடி 10 மணி 2 நிமிடத்துக்கு. தீவின் மூன்றில் இரண்டு பங்கு இல்லாமல் போயிற்று. 30 மீற்றருக்கு மேல் எழுந்த அலைகள் ஜாவா, சுமாத்திராக் கரைகளைத் துடைத்தன. 'பெரோவ்' என்ற பீரங்கிப் படகை அலை தூக்கிக்கொண்டுபோய், கடலிலிருந்து கிலோமீற்றர் கணக்கில் உள்ளே காட்டுக்குள் வைத்துவிட்டது. ஒல்லாந்தர் கணக்கில் இறந்தவர்கள் 36,417 பேர். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பல்ல, தண்ணீர்.

சத்தம் ஒலிவேகத்தில் கிளம்பி மேற்கே வந்தது. நடுவில் அச்சேயில், கோட்டையை யாரோ தாக்குகிறார்கள் என்று படையை ஆயுதத்தோடு நிறுத்தினார்கள். எதிர்த் திசையில் மக்காசாரில், பழைய மக்காசார்தான், என்ன சத்தம் என்று பார்க்க மறுபடியும் கப்பல் அனுப்பினார்கள். 68 வருடம் கழித்தும் அதே ஊர், அதே வேலை. கந்தோரில் பழைய கோப்பைப் புரட்டிப் பார்க்காத வழக்கம் எங்கள் நாட்டில் பிறந்ததல்ல என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

சத்தம் மூன்று மணித்தியாலத்துக்குள் இலங்கைக்கும் வந்துவிட்டது. தூரத்துப் பீரங்கி போலக் கேட்டது என்பதுதான் இடத்துக்கு இடம் மனிதர் சொன்ன சாட்சி. அன்றைய நிலாவெளிக் கரையைக் கற்பனை பண்ணுவது கஷ்டமில்லை. கரைவலை இழுத்து முடிந்து, வாடி நிழலில் சம்மாட்டியார் வெற்றிலை மடிக்கிறார்.

"அப்பு, உது என்ன சத்தம்?"

"கோட்டையில வெள்ளைக்காரன் பீரங்கி பழகிறான் போல கிடக்கு."

"கோட்டை தெற்கால எல்லோ இருக்கு. இது கிழக்கால, கடலுக்குள்ள இருந்தெல்லோ வருது?"

"அப்ப கடலுக்குள்ள பழகிறான். உனக்கென்ன, வலையைக் காயப்போடு."

சம்மாட்டியாரைக் குறை சொல்வதற்கில்லை. திருகோணமலை, அன்று பிரித்தானியக் கடற்படையின் கிழக்கிந்தியத் தளம். பீரங்கிச் சத்தம் கேட்காத நாள்தான் சந்தேகத்துக்குரிய நாள். பிற்காலத்தில் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலையையே குறியாக வைத்துச் சுட்டுப் பழகிய ஆட்கள் அவர்கள். தேசாதிபதியிடம் போய்க் கேட்கவும் வழியில்லை; பழைய தேசாதிபதி யூலையில் போய்விட்டார், புதியவர் வந்தது டிசெம்பரில். உலகம் கேட்ட மிகப் பெரிய சத்தங்களில் ஒன்று எங்கள் கரைக்கு வந்து சேர்ந்தபோது, நாட்டில் இருந்தது பதில் கடமை பார்க்கிறவர்.

சத்தம் இந்து சமுத்திரத்தைத் தாண்டி 4,800 கிலோமீற்றர் தள்ளி இருக்கிற ரொட்ரிக்ஸ் தீவு வரை போனது. அங்கே ஜேம்ஸ் வாலிஸ் என்ற பொலிஸ் அதிகாரி, கிழக்கே கனரகப் பீரங்கி முழங்குவதாகக் குறிப்பு எழுதி வைத்தார். காதுக்குக் கேட்காத காற்றழுத்த அலை அதோடு நிற்கவில்லை. ஊர் ஊராக இருந்த அழுத்தமானிகளை ஐந்து நாளில் ஏழு தடவை உலுக்கிவிட்டுத்தான் ஓய்ந்தது.

கடல் சத்தத்தைவிட மெதுவாக வந்தது. வெடித்து ஐந்து மணித்தியாலத்துக்குப் பிறகு, இலங்கை நேரப்படி பகல் ஒன்றரை மணியளவில், காலியில் தண்ணீர் திடீரென்று வடிந்தது. இறங்குதுறை வரை கடல் பின்வாங்கியது. கட்டியிருந்த வள்ளமும் தோணியும் மணலில் சரிந்தன. மூன்று நிமிடம் போல அப்படியே கிடந்தது. அந்த மூன்று நிமிடத்தில் துறைமுகக் கூலியாட்களும் சும்மா நின்றவர்களும் இறங்கி, துள்ளிக்கொண்டிருந்த இறாலையும் மீனையும் அள்ளினார்கள். பிறகு தண்ணீர் திரும்பி வந்தது. பத்திரிகைக்கு இது 'வினோத சம்பவம்'. அள்ளியவர்களுக்கு அது கறி.

காலிக்கு வாய்த்த அதிர்ஷ்டம் கிழக்குக் கரைக்கு வாய்க்கவில்லை. அறுகம்பைக்குத் தெற்கே பாணமையில் மணல்திட்டைக் கடந்துகொண்டிருந்த பெண்களை அலை அடித்துப் போனது. அவர்களில் ஒருவர் இறந்தார். ஏறக்குறைய 3,000 கிலோமீற்றருக்கு அப்பால் வெடித்த மலைக்குப் பலியானவர் அவர். அவருக்குக் கிரக்கட்டோவா என்ற பெயர்கூடத் தெரிந்திருக்காது.

நகைச்சுவைக்கு இடம் தராத ஒரு சின்னக் கணக்கு இங்கே இருக்கிறது. தந்திக் கம்பி அப்போது கடலுக்கடியால் ஜாவாவையும் சிங்கப்பூரையும் சென்னையையும் லண்டனையும் இணைத்திருந்தது. இலங்கைக்கும் தந்தி இருந்தது. மின்சாரம் அலையைவிட வேகமானது என்று பாடசாலைப் பிள்ளைக்கும் தெரியும். ஓரிரு நாளில் லண்டன்காரர் காலைத் தேநீரோடு கிரக்கட்டோவாவைப் பற்றிப் படித்தார்கள். கப்பல் காப்புறுதிக்காரர் அவர்களுக்கும் முன்பே விசாரிக்கத் தொடங்கினார்கள். ஐந்து மணித்தியாலம் கையில் இருந்தும் பாணமை மணல்திட்டுக்கு ஒரு சொல் வரவில்லை. செய்தி ஓடுகிற பாதையில் கடற்கரைக்கு ஒரு தரிப்பிடம் வைக்க எவருக்கும் தோன்றவில்லை.

இரண்டு கிழமை கழித்து வானத்தில் கூத்துத் தொடங்கியது. செப்டெம்பரில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சையாக எழுந்து பச்சையாக விழுந்தது. உலகம் முடியப்போகிறது என்று ஒரு கட்சியும் அரசாங்கம் ஏதோ செய்கிறது என்று மறு கட்சியும் நிச்சயம் சொல்லியிருக்கும். எங்கள் கிராமங்களில் இந்த இரண்டு கட்சியும் அழிவதே இல்லை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படிப்பித்த மிச்சி ஸ்மித் மட்டும் நிறமாலைக் கருவியைத் தூக்கிக்கொண்டு பச்சைச் சூரியனை ஆராயப் போனார். பின்னாளில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனவர் இவர்தான். எல்லாரும் சூரியனைக் கும்பிட்ட கிழமையில் அதை நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்ட மனிதர்.

பச்சைக்குக் காரணம் கிரக்கட்டோவாவின் நுண்தூசியும் கந்தகத் துளிகளும். ஒரு குறிப்பிட்ட அளவுத் துளி சிவப்பைத் தடுத்துவிட்டுப் பச்சையையும் நீலத்தையும் விடும். தூசி மெல்ல உலகம் முழுக்கப் பரவியதும் அந்திவானம் இரத்தச் சிவப்பாக எரிந்தது. நவம்பர் கடைசியில் அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்துப் பூக்கீப்சியிலும் கனெக்டிகட்டின் நியூ ஹேவனிலும் ஊர் தீப்பற்றிவிட்டது என்று தீயணைப்பு வண்டிகளை விரட்டினார்கள். வண்டி போகப் போகத் தீ அடிவானத்துக்குப் பின்னால் போனது. நிலாவெளிச் சம்மாட்டியாரை இனி யாரும் அறிவிலி என்று சொல்லவேண்டாம்; அவர் குறைந்தபட்சம் சூரியனுக்குத் தண்ணீர் அடிக்கப் போகவில்லை.

சரசரவென்று மிதக்கிற நுரைக்கல் திட்டுகள் இந்து சமுத்திரத்தில் மாதக்கணக்காக அலைந்தன. 1884இல் அவற்றில் சில, மனித எலும்புகளோடு, கிழக்காபிரிக்காவின் சன்சிபார்க் கரையில் ஒதுங்கின. றோயல் சொசைட்டி ஒரு குழுவைப் போட்டு, உலகம் பூராவும் கடிதம் எழுதித் தகவல் திரட்டி, 1888இல் தடித்த அறிக்கை ஒன்றை வெளியிட்டது. எந்த ஊரில் எத்தனை மணிக்கு என்ன சத்தம், கடல் எவ்வளவு ஏறி இறங்கியது, சூரியன் என்ன நிறம் என்றெல்லாம் அதில் உண்டு. கடல் வடிந்தால் ஓடுங்கள் என்று கடற்கரைக் குடிசைகளுக்குச் சொல்ல அதிலிருந்து ஒரு துண்டுப் பிரசுரம் எவரும் அடிக்கவில்லை.

மொட்டையாகக் கிடந்த கிரக்கட்டோவா எச்சத்துக்கு 1884 மே மாதம் ஆராய்ச்சியாளர் போனபோது, உயிர் என்று கண்டது ஒரேயொரு சின்னச் சிலந்தி. பிடிக்கப் பூச்சியே இல்லாத தீவில் அது வலை பின்னிக்கொண்டிருந்தது. நம்பிக்கை என்று இதைச் சிலர் பாராட்டுவார்கள். வியாபாரம் விசாரிக்காமல் கடை திறப்பது எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் சிலந்தியின் கணக்குச் சரிவந்தது. காற்றும் கடலும் பறவையும் விதை கொண்டுவந்தன. ஐம்பது வருடத்துக்குள் அங்கே காடு.

நிலாவெளிக் கரையில் நின்று கிழக்கு–வடகிழக்காகப் பார்த்தால், 1,400 கிலோமீற்றருக்கு மேல் தள்ளி இன்னொரு எரிமலை உண்டு. அந்தமானில் உள்ள பாரன் தீவு. இந்தியாவில் இன்று உயிரோடு இருக்கிற ஒரே எரிமலை. 1787இல் புகைவதைக் கண்டு எழுதி வைத்தார்கள். நூற்றாண்டுக்கு மேல் தூங்கி எழும்பி 1991 தொடக்கம் விட்டுவிட்டுக் கனல்கிறது. மனிதர் குடியில்லை, காட்டாடுகள் உண்டு. எரிமலையோடு வாழத் தெரிந்த எங்கள் பக்கத்து ஒரே சமூகம் அந்த ஆடுகள்தான். சத்தம் கேட்டால் அவை பீரங்கி என்று நினைப்பதில்லை. மறு பக்கத்துக்கு ஓடிவிடுகின்றன என்று நம்பலாம்.

2004 டிசெம்பர் 26ஐ இந்தத் தொனியில் எழுத முடியாது. அது எரிமலை அல்ல, நிலநடுக்கம். ஆனால் இடம் அதேதான், சுமாத்திராவுக்கு வெளியே எங்கள் தட்டு அடியில் நுழைகிற அதே பள்ளம். 9.1 அளவில் நிலம் உதறியது. கிழக்குக் கரைக்கு அலை வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. 1883இல் தந்தி இருந்தது. 2004இல் தொலைபேசி, தொலைக்காட்சி, இணையம், செய்மதி எல்லாம் இருந்தன. கரைக்கு ஒரு சொல்லும் வரவில்லை. நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி எல்லாம் தண்ணீருக்குள் போயின. மாவட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர், நாட்டில் 35,000க்கு மேற்பட்டோர் போய்விட்டார்கள். முதல் அலைக்குப் பின் கடல் உள்வாங்கிய இடங்களில், காலியில் 121 வருடத்துக்கு முன் நடந்தது போலவே, சனம் கடலுக்குள் இறங்கிப் பார்த்தது. இந்த முறை திரும்பி வந்த தண்ணீர் கறி வைக்க நேரம் தரவில்லை. இலங்கையில் கடல் உள்ளே வந்ததில்லை என்று அன்றைக்குப் பெரியவர்களே சொன்னார்கள். வந்திருக்கிறது, அறிக்கையில் இருக்கிறது, ஆங்கிலத்தில், அலமாரியில்.

அதற்குப் பிறகு நிறையச் செய்தார்கள், இல்லை என்று சொல்லக்கூடாது. இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை அமைப்பு வந்தது. இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா மூன்றும் அதன் நிலையங்களை நடத்துகின்றன. இலங்கையில் அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்தது, கரையோரத்தில் கோபுரங்கள் எழுந்தன, 117 என்ற இலக்கம் வந்தது. ஆனால் எரிமலைக்குக் குசும்பு போகவில்லை. கிரக்கட்டோவா வெடித்த குழியிலிருந்து 1927இல் கடலுக்கு மேலே தலை நீட்டிய அனாக் கிரக்கட்டோவா, 2018 டிசெம்பர் 22 இரவு தன் உடம்பின் ஒரு பக்கத்தைக் கடலுக்குள் சரித்தது. பெரிய நிலநடுக்கம் இல்லை. நிலநடுக்கத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்த அமைப்பு எச்சரிக்கை எதுவும் எழுப்பவில்லை. ஜாவாவிலும் சுமாத்திராவிலும் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் கரைக்கு அந்த முறை பொதி வரவில்லை.

ஆகவே நிலாவெளிக்காரருக்கும் அந்தக் கரைக்கு விடுமுறையில் வருகிறவர்களுக்கும் சொல்ல இருப்பது இவ்வளவுதான். கன்னியாவில் நன்றாகத் தோயுங்கள்; அந்தச் சூடு ஒன்றும் செய்யாது. கடலில் மட்டும் கண் வையுங்கள். தண்ணீர் வழக்கமில்லாமல் வடிந்தால் மீனை விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடுங்கள். வடியட்டும், பார்ப்போம் என்று காத்திருக்கவும் வேண்டாம். 2004இல் கிழக்குக் கரைக்கு அலை வடிந்து காட்டாமல் நேரே ஏறித்தான் வந்தது. கோபுரம் ஊதினாலும் ஓடுங்கள், ஊதாவிட்டாலும் கடல் விபரீதமாகத் தெரிந்தால் ஓடுங்கள். முதல் அலை போய்விட்டது என்று திரும்பி வராதீர்கள். இரண்டாவது பெரிதாக இருக்கலாம். வீட்டுப் பிள்ளைகளுக்கு இராவணன் கதையைச் சொல்லும்போது பாணமைப் பெண்ணின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த பொதி வந்து சேரும்போது, 'எங்களுக்குச் சொல்லவில்லை' என்று சொல்ல இன்னொரு தலைமுறை மிஞ்சக்கூடாது.